புதுக் கன்சோலில் பந்தயத்தை எதில் கட்டுவது?

வீடியோ கேம் கன்சோல் வடிவமைக்க உட்கார்ந்தால் எல்லாவற்றையும் புதிதாக்கத்தான் கை துறுதுறுக்கும். ஒன்றை மட்டும் புதிதாக்குங்கள். மற்றவை அடிபட்டுத் தேறிய பாகங்களாக இருக்கட்டும். 2006-இல் வந்த நின்டெண்டோ வீயின் சிப், முந்தைய கேம்கியூப் சிப்பை மெருகேற்றியதுதான். பந்தயம் முழுக்கக் கையசைவை உணரும் ரிமோட்டின் மேல். 10 கோடிக்கு மேல் விற்றது.

முதல் மாதிரிக்கு அட்டை போதும். கன்ட்ரோலர் வடிவில் வெட்டி ஒட்டி, உத்தேச எடை வரும்வரை உள்ளே நாணயங்களைப் போட்டு, ஐந்தாறு பேரை ஆளுக்கு 30 நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கு எட்டாத பட்டன், மணிக்கட்டை இழுக்கும் முன்பாரம் எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஆர்டுயினோ லியோனார்டோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டில் பட்டன்களையும் சென்சாரையும் இணையுங்கள். கணினி அதை நேரே கீபோர்டாகவே ஏற்கும்.

அடுத்தது தாமதம், அதாவது பட்டனை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் உள்ள இடைவெளி. நல்ல யோசனைகள் பெரும்பாலும் சாவது இங்கேதான். நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் போன் கேமராவில் கன்ட்ரோலரும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படமெடுங்கள். ஒரு பிரேம் சுமார் 4.2 மில்லிநொடி. விரல் எப்போது பட்டனை அழுத்தியது என்பது படத்தில் சரியாகத் தெரியாது. ஆகவே பட்டனின் மின்சுற்றிலேயே ஒரு எல்ஈடி விளக்கைச் சேருங்கள். அது எரியும் பிரேமிலிருந்து திரை மாறும் பிரேம்வரை எண்ணுங்கள். அசைவைச் சோதிப்பதானால் கன்ட்ரோலர் நகரத் தொடங்கும் பிரேமிலிருந்து எண்ணுங்கள். 20 முறை அளந்து, அதே திரையில் சாதாரண வயர் கன்ட்ரோலரோடு ஒப்பிடுங்கள். 33 மில்லிநொடிக்கு, அதாவது 60 பிரேம் விளையாட்டில் இரண்டு பிரேமுக்கு, மேல் பின்தங்கினால் முதலில் சென்சார் கணக்கைப் பாருங்கள். நடுக்கத்தை அடக்க, 100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 100 முறை) வரும் அளவுகளில் எட்டெட்டாகச் சராசரி எடுத்தால் 35 மில்லிநொடி அதிலேயே போய்விடும்.

கன்ட்ரோலரை வீசும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. கை வியர்க்கும், வழுக்கும். வீ ரிமோட்டின் மணிக்கட்டுக் கயிறு அறுந்துபோக, 0.6 மி.மீ. கயிற்றை 1 மி.மீ. ஆக்கி மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. கயிற்றையும் அதன் முடிச்சையும் தனியாக இழுத்துச் சோதியுங்கள்.

விலை போடும் முன் இன்னொன்று: புதுக் கருவி எல்லாப் பெட்டியிலும் வருமா? வராவிட்டால் விளையாட்டு செய்பவர்கள் அதை நம்ப மாட்டார்கள். வந்தால் விலை ஏறும். 2013-இல் கினெக்ட் என்ற உடலசைவை உணரும் கேமராவோடு வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர், போட்டியான பிளேஸ்டேஷன் 4-இன் விலை 399 டாலர். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் கினெக்டை எடுத்துவிட்டு 399-க்கு இறங்கியது.