எஞ்சின் பிளாக்கை எடைக்குப் போடுவதற்கு முன்

போன ஞாயிறு தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு மீன்பாடி வண்டி நின்றது. மேலே பாதி கழற்றிய பத்மினி கார் எஞ்சின், கோணி போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் கையெல்லாம் கிரீஸோடு ஒரு பையன்.

“எங்க தம்பி போகுது?”

“காயலான் கடைக்குத்தாண்ணா. தேஞ்சுபோச்சு. வேற எஞ்சின் பேசி வெச்சிருக்கேன்.”

அட்வான்ஸும் கொடுத்தாயிற்றாம். வண்டிக்காரருக்கு டீக்குக் காசு கொடுத்துக் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னேன். பழைய எஞ்சின் விஷயத்தில் செய்யக்கூடாத தப்புகள் என்று பையனிடம் அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆயில் பார்க்காமல் ஓட்டுவது, ரேடியேட்டர் வற்றியபின்னும் ஓட்டுவது, இதையெல்லாம் எழுதப்போவதில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அதை வண்டியே சொல்லிக்கொடுத்திருக்கும்.

புகையைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்வது

நீலப் புகை வந்தால் உடனே ‘ரிங் போச்சு’ என்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்தான் ரிங். பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். கீழே வந்து மிதிக்கும்போது குப்பென்று நீலம் வந்தால் வால்வுத் தண்டு ஓடும் குழாயான வால்வு கைடைச் சந்தேகப்படலாம். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க வந்தால் ரிங்கோ, போர் என்கிற சிலிண்டர் உள்துளையோ தேய்ந்திருக்கும்.

அப்புறம் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். ரீடிங் குறைவான சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ரீடிங் ஏறினால் கோளாறு ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு, அல்லது சிலிண்டருக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் சேர்ந்து விழுந்திருந்தால் முதலில் கேஸ்கெட்டைப் பாருங்கள். ஹெட்டை மட்டும் கழற்றி முடிக்கிற வேலைக்கு எஞ்சினையே இறக்கியவர்கள் எங்கள் ஏரியாவில் நிறைய.

ரிங் மட்டும் மாற்றுவது

சிலிண்டர் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். படி தட்டினால் ரிங் செட் வாங்காதீர்கள். புது ரிங்கின் கூர் விளிம்பு அந்தப் படியில் மோதி உடையும்.

பிளாக்கை அவசரப்பட்டு எடைக்குப் போடுவது

பிளாக் என்பது சிலிண்டர்கள் இருக்கிற, எஞ்சினின் இரும்பு உடம்பு. இதைப் பேசினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். செய்தது நானேதான்.

என் முதல் காரும் பத்மினிதான். 1089 சி.சி., போர் 68 மில்லிமீட்டர். எஞ்சினை இறக்கியபோது நாலு சிலிண்டரும் படி விழுந்து கிடந்தன. லேத்துக்குக் கொண்டுபோய் அளக்கச் சோம்பல். பழைய பார்ட்ஸ் விற்கும் ஒருவர், “ஓடிக்கிட்டிருந்த எஞ்சின், அப்படியே தூக்கிப் போட்டுக்கலாம்” என்றார். வாங்கினேன். ஷெட்டில் இடத்தை அடைக்கிறதே என்று பழையதை அன்றே காயலான் கடையில் போட்டேன். இரும்புக்கு ஒரு ரேட், ஹெட் அலுமினியம் என்பதால் அதற்குத் தனி ரேட், ஆக இரண்டாயிரத்துச் சொச்சம். அந்தக் காசில் பிரியாணி வேறு சாப்பிட்டோம்.

ஏழு மாதம் கழித்து ஆர்.சி. புதுப்பிக்கும் முறை வந்தது. சொந்தக் காருக்கு முதல் 15 வருஷம், அதன்பின் 5 வருஷத்துக்கு ஒருமுறை. ஆய்வாளர் பானெட்டைத் திறந்து, பிளாக்கில் நம்பர் இருக்கவேண்டிய இடத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தார். பெயிண்ட் உரிந்தது. அடியில் கிரைண்டர் ஓடிய தடம். நம்பரே இல்லை.

“யார் வண்டி எஞ்சின் இது?”

பதில் இல்லை, காட்ட பில்லும் இல்லை. அவர் கேட்டதில் தப்பே கிடையாது. திருட்டு வண்டி எஞ்சின் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அங்கிருந்து நேரே காயலான் கடைக்கு ஓடினேன். என் பிளாக்கைச் சம்மட்டியால் உடைத்து, வார்ப்படப் பட்டறைக்கு லோடு ஏற்றி மாதக்கணக்காகியிருந்தது. தெரிந்த லேத்துக்காரர் ஒருவர், ராயபுரத்துப் பெரியவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அளக்கறதுக்கு அரை மணி நேரம் ஆகுமாய்யா?” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பத்மினி இரண்டு மழைக்காலம் தார்ப்பாய்க்கு அடியில் நின்று, கதவு, பம்பர், ஸ்டியரிங் என்று துண்டு துண்டாகப் போனது.

விஷயம் இதுதான். எஞ்சின் நம்பர் பிஸ்டனிலோ கிராங்கிலோ இல்லை, பிளாக்கில் அடித்திருக்கிறது. ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸ் பேப்பரிலும் இருப்பது அந்த நம்பர். உள்ளே எல்லாவற்றையும் மாற்றினாலும் அது அதே எஞ்சின். பிளாக் மாறினால் வேறு எஞ்சின். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அதை ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு, வருகிற எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டப் பேப்பர் வேண்டும்.

சரி, தேய்ந்த பிளாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். கடைசி ஓவர்சைஸும் முடிந்துவிட்டால் லைனர் என்கிற புது உள்குழாயை இறக்கி மறுபடி ஸ்டாண்டர்ட் சைஸுக்கே வரலாம். விரிசல் விட்டாலோ, கனெக்டிங் ராடு உடைந்து பக்கச் சுவரில் ஓட்டை போட்டாலோதான் கைவிட யோசிக்க வேண்டும். அப்போதும் ஆர்.சி.யில் புது நம்பர் ஏறும்வரை பழைய பிளாக்கை வெளியே விடாதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற எஞ்சினை வாங்குவது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எத்தனை கார் முழுகியது என்று இந்தப் பக்கம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படிப்பட்ட எஞ்சினைக் கழுவிப் பெயிண்ட் அடித்து வைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஹெட்டைத் திறந்து காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின்

வேண்டாம்.

வடித்த ஆயிலைக் கால்வாயில் ஊற்றுவது

அதே டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய்ப் படலம் படகிலும் வலையிலும் அப்பியதைப் பார்த்த பிறகுமா?

பையனின் பிளாக்கை மறுநாளே அளந்துவிட்டோம். மூன்று சிலிண்டர் அடுத்த ஓவர்சைஸில் சுத்தமாகும், நான்காவதில் கோடு ஆழம். அதனால் நாலையும் அதற்கும் அடுத்த சைஸுக்கு வெட்ட வேண்டும். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. பிஸ்டன் செட் வரும்வரை பிளாக் என் ஷெட்டில் இருக்கிறது. போரில் ஆயில் தடவி, பாலிதீன் சுற்றி, மூன்றடுக்குச் செங்கல் மேல் பலகை போட்டு வைத்திருக்கிறேன். காசிமேட்டுக் காற்றுக்கு வெறும் இரும்பு இரண்டே நாளில் சிவந்துவிடும். செங்கல் மூன்றடுக்கு ஏன் என்று பையன் கேட்கவில்லை. அவன் வீடு, மழைக்குத் தண்ணீர் நிற்கிற புளியந்தோப்பு.