ஏ.ஆர்.எஃப். கன்ட்ரோல் லைன் விமானம்: பெட்டியில் வராத மீதி வேலை

மாடல் விமானப் பெட்டியில் ஏ.ஆர்.எஃப். என்று போட்டிருந்தால் 'ஆல்மோஸ்ட் ரெடி டு ஃப்ளை', அதாவது கிட்டத்தட்ட பறக்கத் தயார். வில்லங்கம் எல்லாம் அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் பளபளவென்று பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டிய இறக்கை, உடல், வால் எல்லாம் தயாராக இருக்கும், ஞாயிறு காலை ஒட்டினால் மாலை பறக்கலாம் என்று தோன்றும். நானும் அப்படி நினைத்தவன்தான். இப்போது ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறேன், அதில் பாதி நேரம் கம்பெனிக்காரன் ஒட்டியதைச் சந்தேகப்படுவதிலேயே போகிறது.

என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்களுக்குக் கன்ட்ரோல் லைன் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சுருக்கமாக: ரிமோட் கிடையாது. நடுவில் நின்று கைப்பிடியைப் பிடிக்கிறோம், அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்தின் இடது இறக்கைக்குள் போகின்றன, விமானம் நம்மைச் சுற்றி இடஞ்சுழியாகப் பறக்கிறது. இறக்கைக்குள் இருக்கும் பெல்கிராங்க் என்ற சின்னத் தகடு, கம்பியின் இழுப்பை வாலில் உள்ள எலிவேட்டருக்கு, அதாவது விமானத்தை ஏற்றி இறக்கும் அசையும் பலகைக்கு, கடத்துகிறது. 1940களில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து ஜிம் வாக்கர் 'யூ-கன்ட்ரோல்' என்று பேர் வைத்துப் பரப்பிய அதே ஏற்பாடுதான் இன்றைக்கும். நான் இங்கே சொல்வது 40 சைஸ் (0.40 கன அங்குல என்ஜினுக்கான அளவு) ஸ்டன்ட், அதாவது சாகச, விமானத்தைப் பற்றி: ஜார்ஜ் ஆல்ட்ரிச் வடிவமைத்த நோப்ளர் மாதிரி இறக்கையின் பின்விளிம்பில் ஃப்ளாப் என்ற அசையும் பலகை உள்ள ஜாதி, தயாரானதும் ஏறக்குறைய 1.3 கிலோ.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கம்பி, கை எல்லாம் சேர்த்து ஆரம் 20 மீட்டர். ஒரு சுற்றுக்கு 5.2 விநாடி என்றால் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர் பக்கம். அந்த வேகத்தில் 1.3 கிலோ விமானம் நம் கையை ஏறத்தாழ 4 கிலோ பாரத்தோடு இழுக்கும், அதுவும் நேராகப் பறக்கும்போதே. இந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது இறக்கைக்குள் நம் கண்ணில் படாமல் இருக்கும் பெல்கிராங்க்கும், அது உட்கார்ந்திருக்கும் பலகையும்தான். அதனால் என் முதல் வேலை எப்போதும் அங்கேதான்.

இறக்கையைக் காதருகே வைத்து மெதுவாகக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது கடகடவென்றால் பசைத்துண்டோ, ஒட்டாத ரிப் என்ற விலாச் சட்டமோ உதிர்ந்து கிடக்கிறது. நடுவில் உள்ள திறப்பு வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, எட்டுகிற இணைப்புகளில் எல்லாம் நீர்த்த சூப்பர் குளூ ஒரு சொட்டு விடுங்கள். ஒருமுறை நான் வாங்கிய பெட்டியில் பெல்கிராங்க் பலகையின் ஒரு பக்கத்தில் பசையே இல்லை. விரலால் தள்ளினால் ஆடியது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், யாரிடமும் நடக்கக்கூடியதுதான். திறப்பு சின்னதாக இருந்தால் அடிப்பக்க ஃபிலிமைக் கொஞ்சம் வெட்டி உள்ளே போங்கள், பிறகு ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். இறக்கையை உடலில் ஒட்டிவிட்டால் அங்கே போக வழியே இருக்காது.

லீட்அவுட் எனப்படும், இறக்கையிலிருந்து வெளியே வரும் முறுக்குக் கம்பிகள் பெல்கிராங்க்கில் கோக்கப்பட்ட இடத்தையும் பாருங்கள், ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். இரண்டையும் மாறி மாறி இழுத்தால் வெண்ணெயில் கத்தி போவதுபோல் ஓட வேண்டும்.

அடுத்து இறக்கையை உடலில் பொருத்துவது. முதலில் பசையில்லாமல் நுழைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு இறக்கை நுனியிலிருந்தும் வால் நடுப்புள்ளிக்குத் தூரம் சமமாக இருக்க வேண்டும், பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இறக்கையும் வால் பலகையும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனாலும் செலவிடுங்கள். இங்கே விட்ட பிழையைப் பின்னால் எந்த டிரிம்மாலும் (பறக்கவிட்டுப் பார்த்துச் செய்யும் சின்னத் திருத்தம்) முழுசாகத் தீர்க்க முடியாது.

சரி, இப்போது உடல் இறக்கையைத் தொடும் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, இறக்கையை வெளியே எடுத்து, கோட்டுக்கு உள்ளே 2-3 மி.மீ. தள்ளி ஃபிலிமை நீக்க வேண்டும். பசை ஃபிலிமில் பிடிக்காது, மரத்தில்தான் பிடிக்கும். ஆனால் பிளேடால் அழுத்திக் கீறாதீர்கள்! என் முதல் ஏ.ஆர்.எஃப். மூன்றாவது லூப்பில் (அந்தரக் குட்டிக்கரணம்) புத்தகம் மூடுவதுபோல் மடிந்து விழுந்தது. பொறுக்கிப் பார்த்தால் பால்சா மரத் தகடு நான் பிளேடு போட்ட கோட்டிலேயே நேராக முறிந்திருந்தது. அன்றிலிருந்து சால்டரிங் அயர்ன் நுனியால் மெல்லத் தடவி ஃபிலிமை மட்டும் உருக்கி வெட்டுகிறேன்.

ஒட்டுவதற்கு ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம். சரிபார்ப்பதற்குள் இறுகிவிடும், நாளாக ஆக உடையும் தன்மையும் வரும். முப்பது நிமிட எபாக்ஸி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கடையில் கிடைக்கும் சாதாரண அரால்டைட் போதும், ராத்திரி முழுக்க அசையாமல் விட்டுவிடுங்கள். வழிந்ததை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் உடனே துடைத்தால் ஃபிலிமில் கறை நிற்காது.

கீல்களுக்கு வருவோம். ஃப்ளாப், எலிவேட்டர் கீல்களை ஒட்டும்முன் அவற்றின் அச்சில் வாசலைன் துளி வையுங்கள், பசை ஏறிப் பிடித்துக்கொள்ளாது. ஒட்டி முடித்ததும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள், தயங்காமல் பலமாகவே. இடுக்கு பெரிதாக இருந்தால் காற்று அதில் ஒழுகி எலிவேட்டருக்கு வேலையில்லாமல் போகும், கீழ்ப்பக்கம் ஒளி ஊடுருவும் டேப் ஒட்டி மூடுவேன்.

இரண்டு ஃப்ளாப்பையும் இணைக்கும் கம்பி வளைவு சமமாக இல்லையென்றால் ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே என்று நிற்கும், விமானம் உருளப் பார்க்கும். கம்பியை இப்போதே வளைத்துச் சரிசெய்யுங்கள். ஃப்ளாப்பிலிருந்து எலிவேட்டருக்குப் போகும் நீள புஷ்ராட் (தள்ளுகோல்) பெட்டியில் பெரும்பாலும் வெறும் கம்பியாக வரும். தள்ளும்போது அது வில்லாக வளையும், கையில் திருப்பினது வாலுக்குப் போய்ச் சேராது. கார்பன் குழாயாக மாற்றுங்கள், அல்லது உடலின் நடுவில் ஒரு தாங்கியாவது வையுங்கள். கடைசியில் ஒரு சோதனை: கம்பிகளில் இழுப்பு இல்லாமல் விமானத்தை ஆட்டினால் எலிவேட்டர் தன் எடையிலேயே தொங்கி விழ வேண்டும். விழவில்லை என்றால் எங்கோ உராய்கிறது, கண்டுபிடிக்கும்வரை மேலே போகாதீர்கள்.

என்ஜினா, மோட்டாரா? குளோ என்ஜின் என்ற சின்ன எரிபொருள் என்ஜின் ஓட மெத்தனால் வேண்டும், தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவை. காரணம் எல்லோருக்கும் தெரியும். விளக்கெண்ணெய் புகை மணத்தை விட மனசில்லைதான், ஆனாலும் நான் எலக்ட்ரிக்குக்கு மாறிவிட்டேன். 4 செல் லைபோ (லித்தியம் பாலிமர் பேட்டரி), 2200 முதல் 2700 எம்.ஏ.எச்., மோட்டாரை நிறுத்த ஒரு டைமர், சுழற்சியைச் சீராக வைக்கும் கவர்னர் உள்ள ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), இவ்வளவுதான். மோட்டாரைத் துளி வட்டத்துக்கு வெளிப்பக்கமாகத் திருப்பி, ஒன்றிரண்டு டிகிரிக்குள், பொருத்துங்கள். மூக்கில் காற்று நுழைய வைக்கும் ஓட்டையைவிட வெளியேறும் ஓட்டை பெரிதாக இருக்கட்டும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்த இடம் விடுங்கள், ஈர்ப்பு மையத்தைச் சரிக்கட்ட ஈயம் சேர்ப்பதைவிட அது மேல்.

ஈர்ப்பு மையம் வழிகாட்டியில் போட்ட இடத்திலேயே, முதல் நாளைக்கு அதற்குச் சற்று முன்னால்கூட, இருக்கட்டும். லீட்அவுட் வெளியே வரும் இடம் அதற்கு 12 முதல் 20 மி.மீ. பின்னால். வெளி இறக்கை (வலது இறக்கை) நுனியில் 25-30 கிராம் எடை. கம்பிகளின் எடையை ஈடுகட்டத்தான் அது. நுனியில் மூடி போட்ட பெட்டி இல்லாவிட்டால் நீங்களே ஒன்று செய்துவிடுங்கள், நிச்சயம் பலமுறை திறக்கப்போகிறீர்கள்.

சுருக்கம் விழுந்த ஃபிலிமை இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து ஆரம்பித்து நீவிவிடுங்கள், ஒரே இறக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கினால் முறுக்கிக்கொள்ளும். விமானத்தை அழகுபடுத்துவதெல்லாம் உங்கள் விருப்பம்.

மைதானத்துக்குப் போனதும் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி இருந்தால் வேறு இடம் தேடுங்கள், எஃகுக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அதோடு விளையாட முடியாது. இடி மேகம் இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். கம்பிகளை மாட்டியபின் நண்பரை விமானத்தைப் பிடிக்கச் சொல்லி இழுப்புச் சோதனை செய்யுங்கள். விமான எடையைப்போல் பத்து மடங்கு, அதாவது நம் கணக்கில் 13 கிலோ. மீன்கடைத் தராசுக் கொக்கியே போதும். கைப்பிடியின் மணிக்கட்டு வாரை மாட்டாமல் பறக்கவிடாதீர்கள். பிறகு கைப்பிடியை மேலே சாய்த்து, எலிவேட்டர் மேலே போகிறதா என்று நண்பரைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். கம்பி மாறிப்போய், புறப்பட்ட இரண்டாவது விநாடியில் மண்ணில் குத்திய விமானங்களை நிறையவே பார்த்திருக்கிறேன். விமானத்தை மேலே ஏற்றும் கம்பிக்கு இரண்டு முனையிலும் சிவப்பு நூல் கட்டி வைப்பது என் பழக்கம்.

பேட்டரி இணைப்பு எல்லாவற்றுக்கும் கடைசி, விசிறிக்குப் பின்னால் நின்றுகொண்டுதான். காற்று விமானத்தின் வால்பக்கமிருந்து வரும்படி நிறுத்தி விடுங்கள், கால் சுற்றுக்குள் காற்று அதை வெளியே தள்ளிக் கம்பியை இறுக்கிவிடும். முதல் நாள் மட்டமாகச் சுற்றினால் போதும். தலைகீழாகப் பறக்கப் பழகியபின் ஒன்றைக் கவனியுங்கள்: வெளி இறக்கை நேராகவும் தலைகீழாகவும் இரண்டிலும் தாழ்ந்தே இருந்தால் நுனி எடை அதிகம், நேரில் தாழ்ந்து தலைகீழில் உயர்ந்தால் ஃப்ளாப் முறுக்கு. எடையை ஐந்து ஐந்து கிராமாக மட்டும் எடுங்கள், ஒரு பறத்தலில் ஒரே ஒரு மாற்றம்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டார் ஸ்க்ரூக்களை ஒரு திருப்பு இறுக்கி, கம்பிகளை மடியாமல் ரீலில் சுற்றி, லைபோவைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.