ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் உடம்பிலேயே இல்லை என்று அர்த்தமா?

ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 2.5 என்று வந்ததும் "உடம்பில் பொட்டாசியம் தீர்ந்துபோச்சு" என்று முடிவு கட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. உடலில் உள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள்தான் இருக்கிறது, அதிலும் பெரும்பங்கு தசைகளில். ரத்தத்தில் அளப்பது வாசலில் நிற்கிற கொஞ்சத்தை மட்டும்தான்.

உள்ளே அதிகம், வெளியே குறைவு என்ற இந்த வித்தியாசம் சும்மா வருவதில்லை. செல் சவ்வில் இருக்கும் ஒரு பம்ப், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. 1957-ல் இதை விவரித்த டென்மார்க்காரர் ஜென்ஸ் ஸ்கௌவுக்கு நோபல் பரிசு கிடைக்க 1997 வரை ஆனது, அது வேறு கதை.

இந்தப் பம்ப் திடீரென வேகம் பிடித்தால் என்ன ஆகும்? பொட்டாசியம் குறைவதால் வரும் பீரியாடிக் பராலிசிஸ் (அவ்வப்போது தசைகள் செயலிழப்பது) என்ற நோயைப் பாருங்கள். இரவு மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் காலைத் தூக்க முடியாமல் கிடப்பார். அந்த உணவால் ஏறும் இன்சுலின் இந்தப் பம்பை முடுக்கிவிட, தசை பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கூடவே சவ்விலுள்ள கால்சியம் அல்லது சோடியம் வாயிலில் மரபுப் பிழை இருப்பதால், நரம்பு கூப்பிட்டாலும் தசைக்குக் காது கேட்பதில்லை. தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்கும் இதே மாதிரி வரும். இங்கே எதுவும் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் குறைவை ஈடுகட்டுகிறேன் என்று பொட்டாசியத்தை அள்ளிக் கொடுத்தால், தசை பிடித்து வைத்திருந்ததும் திரும்பி வரும்போது அளவு எகிறி இதயத்துக்கே ஆபத்தாகிவிடும். தலைகீழாகவும் நடக்கும்: ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி மூடித் திறந்தால், முன்கைத் தசை வெளியே விடும் பொட்டாசியமே ரிப்போர்ட்டை உயர்த்திக் காட்டும்.

அடுத்தது, ஆற்றல் தீர்ந்தால் தசை தளர்ந்துவிடும் என்ற நினைப்பு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் சுருங்கிய தசை தளர்வதற்கும் ஏடிபி வேண்டும்: கால்சியத்தை அதன் கிடங்குக்குத் திரும்ப ஏற்ற வேண்டும், தசையைச் சுருக்கும் புரதமான மயோசின் பிடித்த பிடியை விட வேண்டும். இறந்தபின் உடல் விறைப்பது இதனால்தான். 1951-ல் விவரிக்கப்பட்ட மெக்கார்டில் நோயில் தசையால் தன் கிளைகோஜனை, அதாவது சேமித்து வைத்த சர்க்கரையை, உடைக்க முடியாது. கடுமையாக வேலை செய்தால் அது இறுகிப் பூட்டிக்கொள்ளும். சாதாரணத் தசைப்பிடிப்பில் தசையின் மின்துடிப்பை அளக்கும் ஊசியை வைத்துப் பார்த்தால் மின்சத்தம் படபடக்கும், இதிலோ நிசப்தம். வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர்வதுதான் இவர்கள் செய்யக்கூடாத தவறு, தசை சிதைந்து சிறுநீர் அடர்நிறமாகிவிடும். வேகத்தைக் குறைத்துச் சுமார் 10 நிமிடம் போனால், ரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸும் கொழுப்பும் கைகொடுக்க, நடப்பது எளிதாகும்.

குளுக்கோஸை வேகமாக உடைக்கும்போது உருவாகும் லாக்டேட் ரத்தத்தில் கூடினால் ஆக்சிஜன் போதவில்லை என்று மட்டும் படிப்பதும் அவசரம். செப்சிஸில் (கிருமித்தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) அட்ரினலின் தசையின் பம்பை விரட்டுகிறது; அதற்கான ஏடிபியில் நல்ல பங்கு குளுக்கோஸை வேகமாக உடைப்பதிலிருந்து வருவதால், ஆக்சிஜன் இருந்தும் லாக்டேட் ஏறலாம். அதற்காக அந்த எண்ணை அலட்சியப்படுத்தலாம் என்றில்லை, அது அபாய மணிதான், காரணம்தான் ஒன்றுக்கு மேல்.

அப்புறம் மெக்னீசியம். ஏடிபி பெரும்பாலும் மெக்னீசியத்தோடு சேர்ந்துதான் வேலை செய்யும், தவிர மெக்னீசியம் குறைந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் சிறுநீரகம் வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும். பாஸ்பேட்டும் அப்படித்தான்: நாள்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக உணவைக் கொடுத்தால், இன்சுலின் ஏறி, பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் ஓடிவிடும், மூச்சிழுக்கும் தசைகூடச் சோர்ந்துபோகலாம். அதனால்தான் அவர்களுக்கு உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, முதல் சில நாள்கள் இந்த மூன்றையும் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள்.