புது ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரில் முதல் வார இறுதி: படிப்படியாக

ஃபிஃப்த் வீல் என்பது ட்ரக் பெட்டிக்குள் பொருத்திய ஹிட்ச் என்னும் இணைப்பில் மாட்டி இழுக்கும், தங்கும் வசதியுள்ள ட்ரெய்லர். முதல் பயணத்துக்கு அல்கான்குவின், கில்பேர் பூங்காக்கள் என்று தூரம் போகாதீர்கள். டொராண்டோக்காரர்களுக்கு டார்லிங்டன் மாகாணப் பூங்கா போதும். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் நகர மையத்திலிருந்து ஒரு மணி நேரம், ஏரிக்கரை, மின்வசதியுள்ள இடங்கள். ஏதாவது உடைந்தாலும் மறந்தாலும் வீடு பக்கம். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் 5 மாதம் முன்பே, காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். பதியும்போது இடத்தின் நீளத்தைப் பாருங்கள். பின்னால் எடுக்காமல் நேராக நுழைந்து வெளியேறும் இடம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

முதலில் எடைக் கணக்கு

ட்ரெய்லர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ட்ரக்கின் மேல் உட்காரும். 4,000 கிலோ ட்ரெய்லர் என்றால் 800 கிலோ. அதோடு ஹிட்ச், ஆட்கள், நாய், கூலர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் ட்ரக் எவ்வளவு சுமக்கும் என்று இருக்கும். கூட்டுத்தொகை அதைத் தாண்டக்கூடாது. விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனைப் பார்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம். இழுக்கும், ஆனால் சுமக்காது. இன்னொன்று: சாதாரண ஜி லைசென்ஸில் 4,600 கிலோ வரையிலான ட்ரெய்லரைத்தான் இழுக்கலாம்.

வீட்டு வாசலில், இரண்டு நாள் முன்பு

தண்ணீர் டேங்கைக் கழுவுங்கள். 55 லிட்டருக்கு 60 மில்லி வாசனையில்லாத ப்ளீச். ஊற்றி நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் ப்ளீச் வாசனை வரும்வரை திறந்து, ஓர் இரவு விட்டுவிட்டு, வாசனை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். குழாயில் முதலில் இளஞ்சிவப்பாக ஏதாவது வந்தால் பயப்பட வேண்டாம். குளிருக்காக ஊற்றிவைத்த ஆன்டிஃப்ரீஸ் அது.

அப்படி வந்தால் வாட்டர் ஹீட்டர் பைபாஸில், அதாவது தண்ணீர் அதற்குள் போகாதபடி, இருக்க வாய்ப்பு அதிகம். கழுவி முடிந்ததும் வால்வைத் திருப்பி, சூடுநீர்க் குழாயில் காற்று நின்று தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகே ஹீட்டரைப் போடுங்கள். காலி டேங்கில் மின் ஹீட்டரைப் போட்டால் சில நிமிடங்களிலேயே எலிமென்ட் கருகிவிடும். முதல் பயணத்திலேயே பலர் செய்யும் தவறு இது.

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் முந்தைய நாள் இரவே போட்டுவிடுங்கள். குளிர அவ்வளவு நேரம் பிடிக்கும். டயர் காற்றை வண்டி நகர்வதற்கு முன், டயர் சூடாகாதபோது, ட்ரெய்லரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்குப் பாருங்கள். டார்க் ரெஞ்ச் (நட்டைச் சரியான அளவு இறுக்கத்துக்கு முறுக்கும் ஸ்பானர்) ஒன்று வாங்குங்கள். புதுச் சக்கரத்தின் நட்டுகள் முதல் 80 கிலோமீட்டருக்குள் தளரலாம். பூங்காவில் போய் இறங்கியதும் மறுபடி முறுக்க வேண்டும்.

மாட்டுவது

இந்த ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது. வரிசை மாறாமல் செய்யுங்கள்.

ட்ரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ட்ரக்கின் பின்கதவைத் திறந்து இறக்குங்கள். ஹிட்ச்சின் தாடை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்கால்களை ஏற்றி இறக்கி, ட்ரெய்லரின் கிங் பின்னுக்கு (ஹிட்ச்சின் தாடை பிடிக்கும் தடித்த ஆணி) மேலிருக்கும் தட்டு ஹிட்ச் தட்டைவிட அரை முதல் ஓர் அங்குலம் தாழ்வாக இருக்கும்படி வையுங்கள். மெதுவாகப் பின்னால் வரும்போது ஹிட்ச் ட்ரெய்லரைச் சற்றுத் தூக்க வேண்டும்.

தட்டு உயரமாக இருந்தால் பின்னின் நுனியை மட்டும் தாடை பிடிக்கும். கைப்பிடி பூட்டியது போலவே தெரியும். நகர்ந்ததும் நழுவி ட்ரெய்லரின் மூக்கு ட்ரக் பெட்டியின் விளிம்பில் விழும். அதனால் டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். இரண்டு தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. தாடை பின்னைச் சுற்றி முழுக்க மூடியிருக்க வேண்டும். கைப்பிடிக்குப் பூட்டு ஊசி போடுங்கள்.

பிறகு ஏழு பின் மின்கம்பி. அடுத்து பிரேக்அவே கேபிள், ட்ரெய்லர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைப் போடவைக்கும் கம்பி. இதை ஹிட்ச்சில் மாட்டாமல் ட்ரக்கில் மாட்டுங்கள், ஹிட்ச் கழன்றால் கேபிளும் அதோடு போய்விடும். முன்கால்களைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் தூக்கி, கட்டைகளை எடுக்காமல், ட்ரெய்லர் பிரேக்கை ட்ரக்குக்குள் இருக்கும் கன்ட்ரோலரில் கையால் அழுத்திக்கொண்டு ட்ரக்கை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். கழன்றால் ஓர் அங்குலம்தான் விழும். பிடித்தது என்றால் கால்களை முழுக்க ஏற்றி, கட்டைகளை எடுத்து, பின்கதவை மூடி, விளக்குகளைப் பாருங்கள்.

ட்ரெய்லரின் உயரத்தை ஏசி உச்சி வரை அளந்து எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். திருப்பங்களில் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டும். சந்திக்குள் சற்று உள்ளே போன பிறகே திருப்புங்கள். பெட்ரோல் பங்கில் மஞ்சள் கம்பங்களில் உரசுவது இதனால்தான்.

பூங்காவில்

மின்வசதியுள்ள இடங்களிலும் பொதுவாகத் தண்ணீர், கழிவுநீர் இணைப்பு இருக்காது. அதனால் இடத்துக்குப் போகும் முன் நீர் நிரப்பும் இடத்தில் நிறுத்துங்கள். நால்வருக்கு இரண்டு இரவுக்கு, சிக்கனமாகக் குளித்தால், 150 லிட்டர் போதும். வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்தால் அந்த 150 கிலோவையும் 401 முழுக்க இழுக்க வேண்டும்.

பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடியில் கை வையுங்கள். கை போகும் பக்கம் ட்ரெய்லரின் வால் போகும். வழிகாட்டுபவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள், கத்தினால் கேட்காது.

இடம் வலமாக மட்டம் பார்ப்பது ட்ரக்கைக் கழற்றும் முன். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை. கட்டை வைத்துக் கழற்றிய பின், முன் பின் மட்டத்தை முன்கால்களால் சரிசெய்யுங்கள். ஸ்லைடு அவுட் (ட்ரெய்லரின் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி) கடைசியில்தான், மரமோ மேசையோ மின்கம்பமோ குறுக்கே இல்லை என்று வெளியே ஒருவர் நின்று சொன்ன பிறகு.

இடத்தின் மின்கம்பத்தில் உள்ள பிரேக்கரை அணைத்து, ட்ரெய்லரின் பிளக்கைச் செருகி, பிறகு பிரேக்கரைப் போடுங்கள். 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். ஏசி ஓடும்போது கெட்டிலும் மைக்ரோவேவும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். தாளிப்பதை வெளியே கேஸ் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடுகு வெடிக்கும் முன்பே புகை அலாரம் கத்திவிடும். விறகை ஊரிலிருந்து கொண்டு போகாதீர்கள், ஆஷ் மரங்களை அழிக்கும் வண்டு அதில்தான் பயணம் செய்கிறது. பூங்காவிலேயே விற்கிறார்கள். சாப்பாட்டை வெளியே விட்டால் இரவில் ரக்கூன் வரும்.

கழிவு டேங்க்

கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்கில் முதலிலேயே 10 லிட்டர் தண்ணீரும் மருந்தும் ஊற்றி, ட்ரெய்லருக்கென்று விற்கும் கழிப்பறைக் காகிதத்தையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் தாராளமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் கழிவு குவிந்து இறுகிவிடும். குளியல், சமையல் நீரைத்தான் மிச்சப்படுத்த வேண்டும், இதை அல்ல.

கிளம்பும் நாளில் ஸ்லைடு உள்ளே, கூரை ஜன்னல் மூடி, மாட்டும் வரிசை முழுவதும் மறுபடி. வெளியேறும் வழியில் கழிவு நிலையம். கையுறை போட்டு ஹோஸை இருபுறமும் இறுக மாட்டி, முதலில் பிளாக் வால்வு. ஓட்டம் நின்று வால்வை மூடிய பிறகு, குளியல், சமையல் நீர் சேரும் கிரே டேங்கின் வால்வு. சோப்புநீர் ஹோஸைக் கழுவிவிடும். அங்கிருக்கும் குழாயில் குடிநீர் ஹோஸை மாட்டாதீர்கள், அது அலசுவதற்கான தண்ணீர். டேங்க் காலியான பிறகும் உள்ளே இருக்கும் அளவுகாட்டி முக்கால் என்று காட்டும். சென்சாரில் காகிதம் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்து மூடியைத் திருகுங்கள். ஒரு வால்வு திறந்தே இருந்தால் அடுத்த தடவை மூடியைக் கழற்றும்போது காலில் கொட்டும்.