ஸ்டீல் கிட்டாரின் சொரசொரப்பான இடங்களில் அழுக்கெடுப்பது எப்படி?

ஸ்டீல் கிட்டாரின் வழவழப்பான பகுதியைத் துடைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய பனியன் துணி போதும். வம்பு பண்ணுவது மற்ற இடங்கள்தான்: உடம்பில் மணல் வீசிப் பொறித்த சித்திரம், துளைத்துளையாக வெட்டிய மேல்மூடி, விரல் வழுக்காமலிருக்கக் கோடு வெட்டிய வால்யூம் குமிழ்கள். இலங்கை மலையகத்தில் இந்த வம்பு இன்னும் கூட. மூடுபனி ஈரம் ஒரு பக்கம், விறகடுப்புப் புகை மறுபக்கம். காம்பிராச் சுவரில் படிகிற அதே பிசுபிசுத்த கரிதான் கிட்டாரின் பள்ளங்களிலும் போய் உட்காருகிறது. அதோடு கைவியர்வையின் உப்பும் சேர்ந்தால் பித்தளையில் பச்சை பூத்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் என்னுடையதைப் போல நிக்கல் பூசிய உலோக உடம்புக் கிட்டாருக்கு. அமெரிக்காவின் நேஷனல் நிறுவனம் 1930இல் கொண்டுவந்த ‘ஸ்டைல் ஓ’ கிட்டாரில் தென்னையும் கடற்கரையுமாக ஹவாய்க் காட்சிகள் இருக்கும். இப்போது வரும் மலிவான கிட்டார்கள் பலவும் அதே பாணியில்தான். மங்கலான இடமும் மின்னும் இடமும் அடுத்தடுத்து இருப்பதால்தான் அந்தச் சித்திரமே கண்ணுக்குத் தெரிகிறது. மங்கலையும் மினுக்கப் பார்த்தால் தென்னைமரம் காணாமல் போகும். ஆகவே பள்ளத்தில் தேய்க்கிற வேலையே வேண்டாம். அழுக்கைக் கரைத்து எடுங்கள்.

என்ன உலோகம்?

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை உடம்பில் வைத்துப் பாருங்கள். இறுகப் பிடித்தால் உருக்கு. துருவுக்குப் பயப்பட வேண்டும். இல்லாவிட்டால் பித்தளையாகவோ, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஜெர்மன் சில்வராகவோ இருக்கும். மேற்பூச்சு லேசாக மஞ்சளடித்தால் நிக்கல், நீலமடித்தால் குரோம். நிக்கல் மென்மையானது, சீக்கிரம் தேயும்.

வாங்க வேண்டியவை

குழந்தைகள் பாவிக்கும் மென்மையான டூத்பிரஷ், பஞ்சு, பாத்திரம் கழுவும் திரவம், ஃபாமசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட், காய்ச்சி வடித்த தண்ணீர். அப்புறம் ஈர்க்கு. பல்குத்தும் குச்சியை விட ஈர்க்குதான் எனக்குப் பிடித்தது. வளைந்து கொடுக்கும், உலோகத்தைக் கீறாது. தண்ணீர் வாகன பேட்டரி விற்கும் கடையில் கிடைக்கும். ஆனால் “பேட்டரித் தண்ணி” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், அதே தட்டில் ஆசிட் போத்தலும் இருக்கும். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் குடிக்க அருமை, கடைசிக் கழுவலுக்கு வேண்டாம். அதில் கரைந்திருப்பது காய்ந்தபின் புள்ளியாக நிற்கலாம்.

குத்துவிளக்குக்குப் போடுகிற புளியையும் தேசிக்காயையும் கிட்டார் பக்கமே கொண்டுவராதீர்கள். புளிப்பு மெல்லிய நிக்கலை அரிக்கும். பூச்சு தேய்ந்த இடத்தில் பித்தளை செம்பு நிறமாகிவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் பித்தளைக்கு ஆகாது. கம்பிப் பஞ்சு எவ்வளவு மெல்லியதானாலும் வேண்டாம். நிக்கலைக் கீறுவது போதாதென்று, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இருந்தால் அதன் காந்தத்தில் துகள்கள் போய் ஒட்டிக்கொள்ளும்.

வேலை

போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு தந்திகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கழற்றுங்கள். பிறகு மேல்மூடியின் திருகாணிகள். உள்ளே இருப்பது ஒலியைப் பெருக்கும் மெல்லிய அலுமினியக் கோன், விரல் அழுத்தினாலே நெளியும். தந்தி இல்லாதபோது அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை, அதனால் கிட்டாரைக் கவிழ்க்கவே கூடாது. மூடியைத் தனியே கொண்டுபோய் வெந்நீரிலும் சோப்பிலும் கழுவலாம். உடம்பை அப்படிக் கழுவ முடியாது. பிரஷை நனைத்து உதறிவிட்டுத்தான் தொட வேண்டும்.

என்னை மிகவும் படுத்தியது சித்திரப் பள்ளத்தில் இறுகிய வெள்ளைப் படிவு. அது அழுக்கே இல்லை. கிட்டார் என் கைக்கு வரும் முன்னர் யாரோ போட்ட மெட்டல் பாலிஷ் காய்ந்து நின்றது. பிரஷ் அதன் மேல் சும்மா வழுக்கும், ஸ்பிரிட்டுக்கும் அசையாது. முதலில் ஊற வேண்டும். சோப்புக் கலந்த வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, படிவின் மேல் சில நிமிடம் ஒட்டிவையுங்கள். பிறகு ஈர்க்கு நுனியில் நாலைந்து இழை பஞ்சைச் சுற்றி, தென்னோலைக் கோட்டின் போக்கிலேயே உருட்டிக்கொண்டு போங்கள். சுரண்ட வேண்டாம், உருட்டினால் போதும். பஞ்சு முதலில் சாம்பல் நிறமாக வரும், அப்புறம் கறுக்கும், சில மூலைகளில் பச்சையும் வரும். நிறம் ஏறியதும் பஞ்சை மாற்றுங்கள். அதே பஞ்சை அடுத்த கோட்டுக்குக் கொண்டுபோனால் அழுக்கை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். பள்ளத்தின் அடியில் உலோகமே மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தால் அங்கே நிக்கல் போய்விட்டது, உடனே நிறுத்துங்கள்.

கடைசியில் வடித்த தண்ணீரில் ஒரு தடவை, ஸ்பிரிட்டில் ஒரு தடவை. ஸ்பிரிட் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகும். ஆனால் கழுத்தின் மர வார்னிஷில் பட்டால் அதையும் கரைத்துவிடலாம், எனவே கழுத்தைத் துணியால் மூடுங்கள். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள், ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். சூடு வைக்காமல் ஹேர் டிரையரால் ஊதிக் காயவிடுங்கள். நாளும் பார்த்துச் செய்வது நல்லது: ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, ஊவாப் பக்கம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. மழைக்காலத்தில் கழுவினால் பள்ளம் காயவே காயாது.

பின்சேர்க்கை

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர், எவ்வளவு துடைத்தும் கறுப்பு போகவில்லை என்று படம் அனுப்பியிருந்தார். அது பழசு போலத் தெரிவதற்காகத் தொழிற்சாலையிலேயே கறுப்பேற்றிய கிட்டார்! அந்தக் கறுப்பைத் துடைத்தால் பூச்சே போய்விடும். எதையும் மூடியின் ஓரத்துக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

கொழும்புக்குக் கச்சேரிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: நம்மூர்க் குளிரிலேயே இருந்த உலோகத்தை அங்கே போனதும் வெளியில் எடுத்தால் வியர்த்துக் கொட்டும், பள்ளமெல்லாம் தண்ணீர். பெட்டியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வைத்து, சூடு ஏறியபின் எடுங்கள்.

குமிழ்களைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். கிட்டாரில் வைத்தே துலக்காதீர்கள், ஸ்பிரிட் உள்ளே வழிந்து வால்யூம் கண்ட்ரோலின் கிரீஸைக் கழுவிவிடும். பக்கத்தில் சின்னத் திருகாணி இருந்தால் அதைத் தளர்த்தி, இல்லாவிட்டால் நேராக மேலே இழுத்து எடுத்து, சோப்பும் பிரஷுமாகக் கோட்டுவாக்கில் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.