துடிப்பு இருந்தது, வேலைதான் நின்றது

காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் ஆர்டர் எடுக்கும் பைத்தான் சர்வீஸ், மதியமானால் உறைந்துவிடும். லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பிக் கண்காணிக்கும் சிஸ்டம்டி மட்டும் ‘ஆக்டிவ்’ என்று பச்சையில் காட்டும். செத்தால்தானே ரீஸ்டார்ட் ஆகும்? இது சாகாமல் தொங்கியது.

ரேம், யூபிஎஸ் என்று இரண்டு நாள் வீண். பிறகு சிஸ்டம்டியில் வாட்ச்டாக்செக் 30 வைத்தேன்: ‘உயிரோடிருக்கிறேன்’ என்ற துடிப்பு 30 விநாடி வராவிட்டால் சர்வீஸைக் கொன்று ரீஸ்டார்ட் செய்யும். 10 விநாடிக்கொரு துடிப்பு அனுப்பத் தனி த்ரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் கிளை) எழுதினேன். ஓட்டும் முன்பே தப்பு புரிந்தது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெயின் லூப் நின்றாலும் அந்த த்ரெட் அதுபாட்டுக்குத் துடிக்கும்! துடிப்பை மெயின் லூப்புக்குள்ளேயே மாற்றினேன். ஆர்டர் இல்லாத நேரத்திலும் லூப் சுற்ற வேண்டுமே, அதனால் ஆர்டர் வரும் வரிசையான க்யூவில் காத்திருக்க 10 விநாடி டைம்அவுட்.

ஓட்டியதும் 30 விநாடிக்கொரு முறை ரீஸ்டார்ட். சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் ஒரு வரி: மெயின் பிஐடி (முதன்மை புராசஸின் எண்) அனுப்பும் செய்திதான் ஏற்கப்படும். பைத்தானைக் கிளப்பிய ஷெல் ஸ்கிரிப்ட்தான் மெயின்; பைத்தான் அதன் பிள்ளை. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் பைத்தானுக்கு முன் ‘எக்ஸெக்’ சேர்த்ததும், ஷெல்லின் இடத்தையே பைத்தான் எடுத்துக்கொண்டு மெயின் ஆனது; சரியானது.

வாட்ச்டாக் கொல்வது சிக்அபர்ட் சிக்னலால். பைத்தானின் ஃபால்ட்ஹேண்ட்லரை ஆன் செய்திருந்ததால், சாகும்போது நின்ற வரியையும் பதிந்துவிட்டுப் போனது: டைம்அவுட்டே இல்லாத டேட்டாபேஸ் சாக்கெட் (இணைப்பு). அங்கே 5 விநாடி கொடுத்தேன்.