விண்டோஸை மாற்றிய பின் பொது டிரைவ் திறக்கவில்லையா?

ஹட்டனில் எங்கள் தட்டச்சு, ஒளிநகல் கடையின் மூன்று கணினிகளுக்கும் பொதுவாக, ரவுட்டரில் இணைத்த ஒரு சேமிப்புப் பெட்டி (நாஸ்) இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால் எல்லாவற்றையும் விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். மறுநாள் காலை மஸ்கெலியாவிலிருந்து முதல் பஸ்ஸில் ஓர் அக்கா வந்தார். மகனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் நகல் அவசரமாகத் தேவை. திரையில் இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. "அழிஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்டபோது அவர் முகம் வாடிவிட்டது.

அழியவில்லை. இசட் டிரைவ் என்பது பெட்டிக்குப் போகும் வழி மட்டுமே. கோப்புகள் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆகவே எதையும் ஃபோர்மட் செய்துவிடாதீர்கள்.

படி 1: பெட்டியின் விளக்கு எரிகிறதா, ரவுட்டருக்குப் போகும் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர், சேமிப்புப் பெட்டிக்கு வேறு முகவரி (ஐபி) கொடுத்துவிடக்கூடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இப்போதைய முகவரியைப் பார்த்து, அதையே நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, \\192.168.1.20 என்பதுபோல் உங்கள் பெட்டியின் முகவரியைத் தட்டுங்கள். கோப்புறைகள் தெரிந்தால் நேரே படி 5-க்குப் போகலாம்.

படி 3: பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். நாங்கள் பல ஆண்டுகளாகக் கடவுச்சொல் இல்லாமல், விருந்தினராகவே பெட்டிக்குள் போய்வந்தோம். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு அந்த வாசலை அடைத்துவிட்டது. அதைத் திரும்பத் திறக்கும் குறுக்குவழி உண்டு. நான் அதைச் செய்யமாட்டேன். ஊராரின் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இருக்கும் பெட்டிக்குப் பூட்டு வேண்டும். பிரவுசரில் பெட்டியின் முகவரியைத் தட்டி, நிர்வாகியாக நுழைந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட ஒரு பயனரை உருவாக்குங்கள். பொதுக் கோப்புறையில் படிக்கவும் எழுதவும் அவருக்கு அனுமதி கொடுங்கள்.

படி 4: கன்ட்ரோல் பேனலில், சேமித்த பெயர்களும் கடவுச்சொற்களும் இருக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, பெட்டியின் பெயரிலோ முகவரியிலோ இருக்கும் பழைய பதிவை நீக்குங்கள். சிவப்புக் குறியுள்ள டிரைவையும் வலது கிளிக் செய்து துண்டித்துவிட்டு, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

படி 5: திஸ் பிசியைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளில் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து இசட், பாதையில் பெட்டியின் முகவரி, ஒரு சாய்கோடு (\), கோப்புறையின் பெயர். கீழே உள்ள இரண்டு கட்டங்களிலும் சரி அடையாளம் இடுங்கள். கேட்கும்போது பெட்டியில் உருவாக்கிய பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். கணினியைத் திறக்கும் பின் (PIN) இலக்கம் இங்கே செல்லாது.

இதற்குப் பிறகும் திறக்காவிட்டால், பெட்டி, கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி1 என்ற பழைய முறையில் மட்டும் பேசுகிறதா என்று அதன் அமைப்புகளில் பாருங்கள். எஸ்எம்பி2 அல்லது 3 இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாவிட்டால், விண்டோஸில் எஸ்எம்பி1-ஐ உயிர்ப்பிக்க வேண்டாம். 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னகிரை என்ற தீநிரல் உலகமெங்கும் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். கோப்புகளை வெளி வட்டுக்கு மாற்றி, பழைய பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.